லண்டன் கைதட்டினால்தான் எங்கட இசையா?

2025 மார்ச் 9 விடிய எழும்பிப் போனைத் திறந்தால் வட்ஸ்அப் ஸ்டேட்டஸ் முழுக்க ஒரே முகம். முந்தின நாள் லண்டன் அப்பல்லோ மண்டபத்தில் இளையராஜாவின் முதலாவது சிம்பொனி 'வேலியன்ட்' அரங்கேறியிருந்தது. ரோயல் பில்ஹார்மொனிக் கொன்சேர்ட் இசைக்குழு வாசித்தது, மிக்கேல் டொம்ஸ் நடத்தினார். கிளிவெட்டிச் சந்தியில் ஓட்டோ ஓடுகிற பெடியன் தொடக்கம் கனடாவில் இருக்கிற மச்சாள் வரைக்கும் ஒரே படத்தைப் போட்டு, கீழே கிட்டத்தட்ட ஒரே வசனத்தை எழுதியிருந்தார்கள். ஆசியாவிலேயே முதல் ஆள். வெள்ளைக்காரனுக்கே எழுதிக் குடுத்திட்டார். இனி உலகம் எங்களைத் திரும்பிப் பார்க்கும்.

எனக்கும் சந்தோசம்தான். 81 வயதில் ஒரு மனிசன் எண்பது பேர் அளவிலான இசைக்குழுவுக்கு ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியாக எழுதி, அதைக் கொண்டுபோய் நேரில் வாசிக்க வைத்திருக்கிறார். அந்த உழைப்புக்கு எழும்பி நின்று கைதட்டத்தான் வேணும். என்ர சண்டை அவரோட இல்லை, அவருடைய படத்துக்குக் கீழே நாங்கள் எழுதின வசனங்களோட.

சண்டையைத் தொடங்க முதல் ஒண்டைச் சொல்லிவிடுகிறேன். 'வேலியன்ட்'டை நான் மண்டபத்தில் இருந்து கேட்டவன் இல்லை. கிளிவெட்டிக்குள்ளால போகிற ஏ15 ரோட்டில் திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும்தான் பஸ் போகும், லண்டனுக்குப் போகாது. ஆகவே அந்த சிம்பொனி நல்லதா, இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமை கிடையாது. அண்டைக்கு ஸ்டேட்டஸ் போட்ட ஆக்களில் முக்கால்வாசிப் பேரும் அதைக் கேட்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேணும். நாங்கள் கொண்டாடினது இசையை இல்லை. லண்டன் என்ற சொல்லை.

முதலில் அந்த 'ஆசியாவிலேயே முதல்' கதையை முடித்துவிடுவோம். ஜப்பானில் கோசாக்கு யமாடா 1912இலேயே சிம்பொனி எழுதிவிட்டார். 1967இல் தோரு தகெமிட்சு, பீவா, ஷாக்குஹாச்சி என்ற இரண்டு ஜப்பானிய வாத்தியங்களை நியூயோர்க் பில்ஹார்மொனிக் முன்னால் உட்கார வைத்து 'நவம்பர் ஸ்டெப்ஸ்' படைத்தார். கல்கத்தாவில் பிறந்த ஜோன் மேயர் இசையமைப்பாளர் மட்டுமில்லை, இதே ரோயல் பில்ஹார்மொனிக்கில் வயலின் வாசித்த ஆள், அதுவும் 1960கள் அளவில். ரவிசங்கரின் சிம்பொனியை 2010இல் லண்டனிலேயே, லண்டன் பில்ஹார்மொனிக் வாசித்தது.

இவர்களை எல்லாம் விடுங்கோ. எங்களுக்கு மிகக் கிட்டின ஆள் ஒருவர் இருக்கிறார், அவரை ஒருத்தரும் ஸ்டேட்டஸில் போடவில்லை. எல். சுப்பிரமணியம். சின்ன வயதை யாழ்ப்பாணத்தில் கழித்தவர். அப்பா லக்ஷ்மிநாராயணா அங்கே இசை படிப்பித்தவர். 1958 கலவரத்துக்குப் பிறகு குடும்பம் இந்தியாவுக்குப் போனது. 1985இல் சுபின் மேத்தா நடத்த, நியூயோர்க் பில்ஹார்மொனிக்கோடு தன்ர 'ஃபன்டசி ஒன் வேதிக் சான்ட்ஸ்' என்ற படைப்பை வாசித்தார். யாழ்ப்பாணத்தில் வயலின் படித்து, அடி விழுந்து, ஓடிப்போன ஒரு குடும்பத்துப் பிள்ளை அது. 'முதல் தமிழன்' என்று மார்தட்டுகிற எங்களுக்கு இந்தக் கதை தெரியாமல் போனது எப்படி? அதில் வெற்றியோட சேர்ந்து 1958உம் வரும் என்பதாலா?

சரி, ஒரு பேச்சுக்கு இளையராஜாதான் முதல் ஆள் என்றே வைப்போம். அப்பவும் என்ர கேள்வி அப்படியே கிடக்கு. 1976இல் 'அன்னக்கிளி' வந்ததில் இருந்து அந்த மனிசன் எங்கட காதுக்குள்ள செய்துகொண்டிருந்த வேலைக்கு, ஏன் 2025இல் லண்டனில் இருந்து துண்டு வரவேண்டிக் கிடந்தது?

எங்களுக்கு இந்தச் சான்றிதழ் வருத்தம் புதுசில்லை. 2002இல் பிபிசி உலக சேவை நடத்தின வாக்கெடுப்பில் 'ராக்கம்மா கையத் தட்டு' நாலாம் இடத்துக்கு வந்தது. இண்டைக்கும் அந்தப் பாட்டைப் பற்றிக் கதைக்கிற எல்லாரும் 'பிபிசியே சொன்ன பாட்டு' என்றுதான் தொடங்குவார்கள். அந்தப் பாட்டுக்குள்ள என்ன நடக்குது என்று கதைக்கிற ஆளைக் காணக் கிடைக்காது. 'சிந்து பைரவி' படத்தில் வருகிற 'பாடறியேன் படிப்பறியேன்' பாட்டை எடுங்கோ. நாட்டுப்பாட்டுக்கு மரியாதை வாங்கித் தந்த காட்சி என்று எல்லாரும் புல்லரிப்பார்கள். உண்மையில் அங்கே என்ன நடக்குது? சுகாசினி நாட்டுப்பாட்டைப் பாடிக்கொண்டு போய், அதே சாரமதி ராகத்தில் தியாகராஜரின் 'மரி மரி நின்னே'யில் கொண்டுபோய்ச் சேர்த்த பிறகுதான் சபை வாய் பிளக்குது. அதாவது நாட்டுப்பாட்டு நல்லது, ஏனென்றால் அது உள்ளுக்குள்ள கீர்த்தனை. கீர்த்தனையில் போய்ச் சேராத பாட்டுக்கு என்ன மரியாதை? படம் அதைச் சொல்லவில்லை. (பாட்டு அருமை. அதில எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை.)

அண்டைக்குச் சபை, இண்டைக்கு லண்டன். நீதவான் மாறியிருக்கிறார், குற்றவாளிக் கூண்டில் நிக்கிறது அதே ஆள்தான்.

இனி ஒரு சீனாக்காரரைப் பற்றிக் கதைக்க வேணும். தன் டுன். 1957இல் ஹூனான் மாகாணத்தில் பிறந்தவர். கலாசாரப் புரட்சிக் காலத்தில் வயலுக்கு அனுப்பப்பட்டு நெல் நட்டவர். அந்த ஊர்ச் சனத்தைச் சேர்த்து, சட்டி பானையையும் வாத்தியமாக்கி இசை செய்தவர். பிறகு பீக்கிங் ஒபெரா குழு ஒன்றில் வாசித்து, 1978இல் பெய்ஜிங் மத்திய இசைக் கல்லூரிக்குள் போய், 1986இல் நியூயோர்க் போனார். 'குரோச்சிங் டைகர், ஹிடன் டிராகன்' பட இசைக்கு 2001இல் ஒஸ்கார் வாங்கினார். பன்னைப்புரத்தில் இருந்து அண்ணன் பாவலர் வரதராஜனோட கட்சி மேடைகளில் பாடித் திரிந்து, சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்த இளையராஜாவின் பாதையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கோ. இரண்டு பேரும் கிராமத்தில் இருந்து வந்தவர்கள். இரண்டு பேரும் பாஹ்கைப் பிடித்தவர்கள். இளையராஜா 1986இல் 'ஹவ் டு நேம் இட்' இசைத்தட்டைத் தியாகராஜருக்கும் பாஹ்குக்கும் காணிக்கை ஆக்கினார். தன் டுன், பாஹ் இறந்து 250 வருசம் ஆன 2000இல் தண்ணீர்க் கிண்ணங்களை வாத்தியமாக வைத்து ஒரு 'வோட்டர் பேஷன்' எழுதினார்.

ஆனால் நான் சொல்ல வந்தது அவருடைய இன்னொரு படைப்பு: 'த மேப்'. அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கு. 1981இல், மாணவனாக இருந்தபோது, தன் டுன் தன்ர மாகாணத்துக்குத் திரும்பிப் போய்க் கல்லைத் தட்டி இசைக்கிற ஒரு கிழவரைச் சந்தித்தார். பிறகு வந்து இவரிடம் படிக்கவேணும் என்று நினைத்துக்கொண்டு போனார். பல வருசம் கழித்துப் பதிவுக் கருவிகளோட திரும்பினபோது கிழவர் இல்லை. அவரோட அந்தக் கலையும் போயிருந்தது. அந்த இழப்பில் இருந்துதான் 'த மேப்' பிறந்தது. துஜியா, மியாவ், டொங் இனக் கிராமத்து ஆக்கள் பாடுவதையும் இலை ஊதுவதையும் படம் பிடித்துத் திரையில் ஓடவிட்டு, மேடையில் இசைக்குழுவும் ஒரு செலோவும் அவர்களுக்குப் பதில் சொல்வதாக எழுதினார். 2003 பெப்ரவரியில் பொஸ்டன் சிம்பொனி இசைக்குழுவோடு அரங்கேறியது. செலோ வாசித்தது யோ-யோ மா.

அதில் ஒரு இடத்தில் மியாவ் பெண் ஒருத்தி மலையில் நின்று பாடுவாள். மலைக்கு அங்கால நிக்கிற ஆளைக் கூப்பிட்டு, அவன் மறுபடி பாட, இவள் திருப்பிப் பாடுகிற வகைப் பாட்டு அது. மேடையில் செலோ அவளுக்கு மறுமொழி சொல்லும். கேட்கிற போது மயிர்க்கூச்செறியும். ஆனால் கொஞ்சம் யோசியுங்கோ. அவள் திரையில். செலோவின் மறுமொழி அவளுக்குக் கேட்காது. அவள் மூச்சு எடுக்க ஒரு நொடி கூட நின்றால் இசைக்குழு காத்து நிக்கும், இசைக்குழு பிந்தினால் அவள் காத்து நிக்க மாட்டாள், ஏனென்றால் அவள் அங்கே இல்லை. நியூயோர்க்கில் இருக்கிற இசையமைப்பாளர், ஹூனானில் பதிவு செய்த குரல், பொஸ்டனில் டிக்கெட் வாங்கின சனம். இதுக்குப் பெயர் உரையாடலா?

தன் டுனுக்கே இது உறைத்திருக்க வேணும். இல்லாவிட்டால் அவர் அடுத்ததாகச் செய்ததை விளங்கப்படுத்த ஏலாது. அதே 2003 நவம்பரில் ஷங்காய் சிம்பொனி இசைக்குழுவை ஹூனானில் ஃபெங்ஹுவாங் என்ற பழைய ஆற்றங்கரை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய், திறந்த வெளியில், அந்தச் சனத்துக்கு முன்னாலேயே வாசிக்க வைத்தார். அதைப் படமாகவும் எடுத்து வெளியிட்டிருக்கிறார்கள். தன் டுனை நான் தலையில் தூக்கி வைக்கவில்லை. 1997இல் ஹொங்கொங் கைமாறினபோதும் அரசுக்காக சிம்பொனி எழுதினவர் அவர். சிறுபான்மை இனங்களின் பாட்டை உலக மேடைக்கு விற்கிற ஆள் என்று அவரைத் திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அதில் நியாயமும் இருக்கு. ஆனாலும் மறுமொழியைத் திருப்பி ஊருக்குக் கொண்டுபோக வேணும் என்று அவருக்குத் தோன்றியிருக்கு. எங்கட ஸ்டேட்டஸ்களில் அந்த யோசனையின் நிழல்கூட இல்லை. எங்களுக்குப் பயணம் ஒரு வழிதான்: ஊரில் இருந்து லண்டன். போய்ச் சேர்ந்தால் வெற்றி.

இங்கேதான் இளையராஜாவுக்கு நாங்கள் அநியாயம் செய்கிறோம். ஏனென்றால் அந்தத் திரும்பி வருகிற வேலையை அவர் ஃபெங்ஹுவாங்குக்கு எவ்வளவோ காலம் முதலே செய்து முடித்துவிட்டார். அதற்கு அவருக்கு மண்டபம் தேவைப்படவில்லை, சினிமாப் பாட்டே போதுமாக இருந்தது. 'ராக்கம்மா'வை இன்னொருக்காப் போட்டுக் கேளுங்கோ. ஊர்த் திருவிழாத் துள்ளல் ஒரு பக்கம். வயலின் கூட்டம் இன்னொரு பக்கம், அதுவும் பின்னால நின்று அழகு காட்டுறதில்லை, முன்னுக்கு வந்து ஆட்டத்தை இழுத்துக்கொண்டு போகும். எல்லாம் உச்சத்துக்கு வந்த நேரம் பாட்டு அப்படியே திரும்பி அப்பர் தேவாரத்துக்குள்ள இறங்கும். மூன்றில் எதுவும் மற்றதுக்கு நீதவான் இல்லை. தாலாட்டோ ஒப்பாரியோ போல வருகிற மெட்டுக்குக் கீழே பேஸ் கிட்டார் தனக்கென்று வேறொரு மெட்டைப் பாடிக்கொண்டு போகிற பாட்டுகள் அவரிடம் எத்தனை! பாஹ் படித்த கைதான் அதை எழுதும். அந்தப் பாட்டுகள் எங்கே வந்து சேர்ந்தன? கோயில் ஒலிபெருக்கிக்கு, தனியார் பஸ்ஸுக்கு, அல்லை வயலில் வெட்டு நடக்கிற நேரம் டிராக்டரில் கட்டின ஸ்பீக்கருக்கு. பாடின சனத்துக்கே பதில் திரும்பி வந்தது. இதைவிடப் பெரிய அரங்கேற்றம் என்னவென்று எனக்கு விளங்கேல்ல.

இனி எங்கட கணக்கைப் பார்ப்போம். லண்டனுக்குக் கைதட்டின கை ஊரில் என்ன செய்யுது?

சம்பூர்ச் சனம் 2006இல் இடம்பெயர்ந்து, அலைந்து, கடைசியில் கிளிவெட்டி இடைத்தங்கல் முகாமில் வருசக்கணக்காகக் கிடந்தது. தகரமும் தறப்பாளும். நான் அப்ப சின்னப் பெடியன், விளையாட அந்தப் பக்கம் போவேன். அங்கே ஒரு அண்ணாவியார் இருந்தார். மத்தளம் ஊரில விட்டுட்டு வந்த சாமானோட போயிட்டுது. பின்னேரத்தில் தண்ணிக் கானைக் கவிழ்த்து வைத்து, நாலைந்து பெடியளுக்குத் தாளக்கட்டுச் சொல்லிக் குடுப்பார். அரசன் வரவுக்கு ஒரு அடி, வேடன் வரவுக்கு வேறொரு அடி. கானில் இரண்டு பக்கமும் ஒரே சத்தம்தான் வரும். மத்தளத்தின் வலந்தலை, இடந்தலை வித்தியாசத்தை அவர் வாயால் சொல்லித்தான் எங்களுக்கு விளங்கப்படுத்துவார். கூத்தில் மத்தளம் ஆட்டக்காரனின் காலைப் பார்த்துத்தான் பேசும் என்பார். களைச்சுப் போனால் பொறுக்கும், சூடு பிடிச்சால் விரட்டும். நடத்துநரின் கோலுக்கு எண்பது பேர் பணிகிற முறை ஒன்று, ஒருத்தனின் காலுக்கு மத்தளம் பணிகிற முறை இன்னொன்று. இந்த இரண்டையும் ஒரே தாளில் எப்படி எழுதுவது? ஒரு நல்ல இசையமைப்பாளருக்கு வாழ்நாள் முழுக்க வேலை குடுக்கிற கேள்வி இது.

இப்ப அவர் திரும்பி ஊரில் இருக்கிறார், கை நடுங்குது. போன வருசம் ஒரு நாள் போய், போனில் கிடந்த 'வேலியன்ட்' துண்டு ஒன்றைப் போட்டுக் காட்டினேன். காதுக்குக் கிட்ட வைத்துக் கடைசி வரைக்கும் கேட்டார். "நல்லாத்தான் கிடக்கு தம்பி. இதில ஆட்டக்காரன் எங்க நிக்கிறான்?" என்று கேட்டார். பகிடியாக் கேட்கவில்லை.

பியூசன் என்ற பெயரில் எங்கட மேடைகளில் நடக்கிறதுக்கு இந்தக் கேள்வியே காணும். ஓகனில் நாலு கோர்ட் பிடித்து, டிரம்ஸ் போட்டு, அதுக்குப் பின்னால ஒரு பறையை நிற்பாட்டி விடுவது. பறைக்குத் தனியாக ஒரு வார்த்தை பேச இடமிருக்காது. நாட்டுப்புறம் என்று காட்ட ஒரு சத்தம், அவ்வளவுதான். நிகழ்ச்சி முடிய ஓகன்காரருக்குக் கவர், பறைக்காரருக்குச் சாப்பாட்டுப் பார்சல். செத்த வீட்டில் அடிக்கிற ஆள்தானே என்ற நினைப்பு அந்தப் பார்சலுக்குள்ளேயே இருக்கு. சாதியைத் தொடாமல் இசையைக் கலக்கலாம் என்று நம்புகிற ஆக்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒண்டுமில்லை.

வேற வழி இல்லாமல் இல்லை. 1990களின் கடைசியில் சி. மௌனகுருவும் கிழக்குப் பல்கலைக்கழக நுண்கலைத் துறையில் அவரோட நின்றவர்களும் 'இன்னியம்' என்ற வாத்திய அணியை உருவாக்கினார்கள். விழாவுக்கு விருந்தினரைக் கூட்டி வர வெள்ளைக்காரன் விட்டுப்போன பாண்ட் எதுக்கு, பறையும் மத்தளமும் உடுக்கும் போதாதா என்பதுதான் அதன் கேள்வி. செத்த வீட்டு வாசலோட நிற்பாட்டி வைத்த பறை பல்கலைக்கழக ஊர்வலத்தின் முன்னுக்கு வந்தது. மட்டக்களப்பு சீலாமுனையில் சி. ஜெயசங்கர் போன்றவர்கள் ஊர்ச் சனத்தோடேயே இருந்து கூத்தை மீளுருவாக்கம் செய்தார்கள். இவை எல்லாம் குறையில்லாத முயற்சிகள் என்று நான் சொல்ல மாட்டேன். கூத்தின் அடியை அணிநடைக்கு ஏற்ற மாதிரி நேராக்கினால் அந்த இழுப்பும் பொறுப்பும் போய்விடும் என்ற பயம் எனக்கு இருக்கு. ஆனால் சண்டை பிடிக்க வேண்டிய இடம் அது. லண்டன் மண்டபம் நிரம்பிச்சா, இல்லையா என்பது இல்லை.

நான் படித்த பள்ளிக்கூடத்தில் இன்னியம் கதையைக் கொண்டுபோனோம். பழைய மாணவர் மூன்று பேர். விளையாட்டுப் போட்டி அணிநடைக்கு ஒரு சின்ன அணி, ஒரே ஒரு பறை, இரண்டு மத்தளம். கேட்டவர் நல்ல மனிசர்தான், மார்ச் மாதம் இளையராஜா படத்தை ஸ்டேட்டஸாக வைத்தவர். "பறையெல்லாம் வேண்டாம் தம்பி, பெற்றார் குழப்புவினம். வேணுமெண்டால் பாண்ட்டுக்கு ரண்டு டிரம் வாங்கித் தாங்கோ" என்றார். எங்களுக்கு வாய் வரவில்லை. வெளியில் வந்து மதிலோரம் நின்று ஒரு மணித்தியாலம் ஆளை ஆள் பேசிக்கொண்டு நின்றோம்.

இப்ப பள்ளிக்கூடத்தை விட்டிட்டு வாசிகசாலைப் பக்கமாக் கேட்டிருக்கிறோம். கனடா மச்சாள் கொஞ்சக் காசு போடுறன் எண்டவ. அண்ணாவியார் கை நடுங்கினாலும் வாய் நடுங்கேல்ல, சனிக்கிழமை பின்னேரம் கூட்டிக்கொண்டு வந்தால் சொல்லிக் குடுப்பார். அவர் சொல்லுகிற தாளக்கட்டை எல்லாம் ஒழுங்காப் பதிவு செய்ய நல்ல மைக் ஒண்டு வேணும். மேற்கத்திய நொட்டேசன் தெரிந்த ஆள் ஒருத்தர் பக்கத்தில இருந்து அதை எழுதிப் பார்த்தால் இன்னும் நல்லம், எழுத ஏலாத இடத்தை ஏலாது எண்டு குறிச்சு வைச்சாலும் சரி. மத்தளத்துக்கு மரம் கிடைச்சிட்டுது. தோல் வார்க்கத் தெரிந்த ஆள் வெருகல் பக்கம் ஒருவர் இருந்தவராம், இப்ப இருக்கிறாரா என்று தேடுகிறோம். இதை வாசிக்கிற யாருக்கும் ஆளைத் தெரிந்தால் சொல்லுங்கோ.